கவாத்துக் கத்தரி வாங்கித் தரும் குளிர்

பழவேற்காட்டுக் கரையில் ஒயின் பீப்பாய்கள் வந்து இறங்கிய காலம் ஒன்று உண்டு. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுடைய வணிகத் தலைநகரம் இந்த ஊர்தான். இங்கிருந்து துணி கிழக்கே போனது; அடிமைகளும் கொண்டுபோகப்பட்டார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த கப்பல்கள் ஒயினையும் ஏற்றி வந்தன. இதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1652-இல் ஆப்பிரிக்காவின் தென்முனையில், இன்றைய கேப் டவுனில், குடியேற்றம் ஒன்றைத் தொடங்கியது. அங்கே தலைவராக இருந்த யான் வான் ரீபேக் 1659 பிப்ரவரி 2 அன்று, கேப் திராட்சையிலிருந்து முதன்முதலாக ஒயின் பிழிந்தாயிற்று என்று நாட்குறிப்பில் எழுதினார். அங்கே ஏழே ஆண்டுகள் போதுமாக இருந்தது. பழவேற்காட்டில் இரண்டு நூற்றாண்டுகள் இருந்தும் டச்சுக்காரர்களின் ஒயின் தொழில் வேர்விடவில்லை.

காரணம் சோம்பல் இல்லை. திராட்சைக் கொடி இரவு நேரத்தில் என்ன செய்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

திராட்சை மணி இரண்டு கட்டமாக வளர்கிறது. முதல் கட்டத்தில் அது பச்சையாக, கெட்டியாக, வாயில் வைக்க முடியாத புளிப்போடு இருக்கும். டார்டாரிக், மாலிக் என்ற இரண்டு அமிலங்களை அது அப்போது சேமித்து வைக்கிறது. டார்டாரிக் அமிலம் நம் புளியில் இருப்பது. மாலிக் அமிலம் பச்சை ஆப்பிளில் இருப்பது. பிறகு சில நாட்களுக்குள் மணி நெகிழ்ந்து நிறம் மாறத் தொடங்கும். அதிலிருந்து இலையில் உருவாகும் சர்க்கரை மணிக்குள் பாய்கிறது. அதே நேரத்தில் மணி தன் சுவாசத்துக்கு எரிபொருளாக மாலிக் அமிலத்தை எடுத்துக்கொள்கிறது. இரவும் பகலும் வெப்பம் ஏற ஏற, எரியும் வேகமும் ஏறும். டார்டாரிக் அமிலம் அவ்வளவாகக் குறைவதில்லை. ஆகவே பழுக்கும் வாரங்களில் எவ்வளவு சூடு பட்டது என்பதன் கணக்கு, பறிக்கும் நாளில் மணியில் எஞ்சியிருக்கும் மாலிக் அமிலத்தில் எழுதப்பட்டிருக்கும்.

இதை வைத்துத்தான் குளிர்ப் பிரதேச ஒயின், வெப்பப் பிரதேச ஒயின் என்று பிரிக்கிறார்கள். ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கு, பிரான்சின் பர்கண்டி, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா, நியூசிலாந்தின் சென்ட்ரல் ஒடாகோ ஆகிய இடங்களில் பழம் இலையுதிர் காலத்தின் குளிரில் மெதுவாகப் பழுக்கிறது. சர்க்கரை போதிய அளவு ஏறும்போதும் புளிப்பு மிச்சமிருக்கும். மணமும் நிறமும் உருவாவதற்கு அவகாசம் கிடைக்கும். சூடான ஊரில் சர்க்கரை முந்திக்கொள்கிறது. மணம் வருவதற்குள் புளிப்பு போய்விடும். ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஈஸ்ட் அதிலிருந்து ஒரு சதவீத ஆல்கஹால் உண்டாக்கும். எனவே சூடான ஊரின் ஒயினில் போதை கூடும், சுவை தட்டையாகும்.

புளிப்பு நாவுக்கு மட்டும் வேண்டியது என்று நினைக்கக் கூடாது. ஒயினைக் கெடாமல் காப்பதும் அதுதான். கிருமிகளைத் தடுக்கக் கலக்கும் கந்தக டை ஆக்சைடு, ஒயினின் பி.ஹெச். மதிப்பு 3.2 ஆக இருக்கும்போது செய்யும் வேலையில் கால் பங்கைத்தான் 3.8 ஆகும்போது செய்யும். சரியான புளிப்பில்லாத ஒயின் பீப்பாயிலேயே நோய்ப்பட்டுவிடும்.

இந்தக் குளிரை எண்ணால் அளக்கும் வழியை 1944-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மேனார்ட் அமரீனும் ஏ. ஜே. விங்க்லரும் கொடுத்தார்கள். பத்து டிகிரி செல்சியசுக்குக் கீழே திராட்சைக் கொடி பெரும்பாலும் வளர்வதில்லை. எனவே கொடி வளரும் ஏழு மாதங்களில் (வட அரைக்கோளத்தில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை) ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையிலிருந்து பத்தைக் கழித்து மிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். செல்சியஸ் கணக்கில் மொத்தம் ஏறத்தாழ 1390-க்குள் இருந்தால் முதல் வகுப்பு, அதாவது குளிர்ப் பிரதேசம். 2200-ஐத் தாண்டினால் ஐந்தாம் வகுப்பு, கடைசி.

பழவேற்காட்டுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். பக்கத்துச் சென்னையில் அந்த ஏழு மாதங்களின் சராசரி வெப்பநிலை 30 டிகிரியை ஒட்டியது. நாளொன்றுக்கு 20 என்று 214 நாட்களுக்குப் பெருக்கினால் 4000-ஐத் தாண்டிவிடும். கடைசி வகுப்பின் தொடக்கத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு!

ஊட்டிக்குப் போட்டால் சிரிப்பு வரும். 1100 பக்கத்தில் வந்து நிற்கிறது. கணக்குப்படி ஊட்டி முதல் வகுப்பு, பர்கண்டிக்குப் பக்கத்து இருக்கை. அப்படியானால் நீலகிரியில் தேயிலைக்குப் பதில் திராட்சை ஏன் இல்லை? வெப்பக் கணக்கு மழையைப் பார்ப்பதில்லை என்பதால்தான். தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று இரண்டுமே நீலகிரியை நனைக்கின்றன. நடுவில் மூடுபனி வேறு. திராட்சை இலைக்கு ஈரம் என்றால் அடிச்சாம்பல் நோய். 1878-இல் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்குள் நுழைந்து தோட்டங்களைச் சூறையாடிய அந்த நோய்க்காகத்தான், மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்த போர்டோ கலவையே 1880-களில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆக, குளிர் மட்டும் போதாது. காய்ந்த குளிர் வேண்டும். பழுக்கும் மாதங்களில் மழை கூடாது, பகலில் வெயில் வேண்டும், இரவில் சில்லென்று இறங்க வேண்டும்.

பழவேற்காடு இந்தத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் தோற்கிறது. கடலும் ஏரியும் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவெல்லாம் வெளியிட்டுக்கொண்டிருக்கும். மே, ஜூன் மாதங்களில் விடியற்காலையிலும் 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் நிறைய. இரவு குளிரத் தொடங்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையோ வடகிழக்குப் பருவமழையும் புயலும். எஞ்சியிருப்பது மண். முகத்துவாரம் வழியே கடல் ஏரிக்குள் வந்து போகிறது. ஆரணியாறும் காளங்கியும் வெள்ளம் கொண்டுவரும் மழைக்காலத்தில் ஏரி நீர் கிட்டத்தட்ட நன்னீர்; கோடை முற்றும்போது ஏரியின் சில பகுதிகளில் கடலைவிடக் கரிப்பு. திராட்சைக் கொடி உப்பைத் தாங்காது. மண்ணின் உப்பை மின்கடத்துதிறனால் அளக்கிறார்கள். அது மீட்டருக்கு 1.5 டெசிசீமன்சைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும், அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழப் பத்து சதவீதம் சரியும். கடல் நீரின் அளவு 50-க்கும் மேல். இலை ஓரம் தீய்ந்து கொடி காய்ந்துவிடும். மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் உப்பேறிய கிணற்று நீரைச் சமாளிக்க, டெக்சாஸ் மாநிலத்துக் காட்டுத் திராட்சை வழிவந்த டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுகிறார்கள். அது ஓரளவு தாங்கும். பழவேற்காட்டு உப்பை அதுவும் தாங்காது.

இதெல்லாம் சரி, இந்தியா ஒயின் செய்கிறதே, எப்படி? இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஐரோப்பாவின் கொடி குளிர்காலத்தில் இலையை உதிர்த்துத் தூங்கும். வசந்தத்தில் விழித்து, கோடையில் காய்த்து, இலையுதிர் காலத்தில் பழுக்கும். நம் ஊரில் கொடிக்குத் தூக்கமே கிடையாது. விட்டால் ஆண்டு முழுக்க இலை விட்டுக்கொண்டே இருக்கும். அதை எழுப்புவது பருவம் அல்ல, கத்தரி. எப்போது கவாத்து செய்கிறோமோ அப்போது கொடிக்கு வசந்தம். அதாவது பழம் எந்த மாதத்தில் பழுக்க வேண்டும் என்பதை விவசாயி முடிவு செய்யலாம். பிரெஞ்சுக்காரருக்கு இந்தச் சலுகை இல்லை.

நாசிக் அதை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டது. அங்கே ஆண்டுக்கு இரண்டு கவாத்து, ஒரே அறுவடை. அறுவடை முடிந்ததும் ஏப்ரலில் கொடியை ஒட்ட வெட்டுகிறார்கள். புதிய கிளைகள் கோடை வெயிலில் வளரும்போது அவற்றின் மொட்டுகளுக்குள் அடுத்த குலைகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் உருவாகின்றன; இதற்கு வெளிச்சமும் வெப்பமும் வேண்டும், நம் கோடையில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. தென்மேற்குப் பருவமழையில் கொடி வெறும் இலையோடு நிற்கும். பழம் இல்லாததால் நட்டமில்லை. மழை ஓய்ந்ததும் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ இரண்டாம் கவாத்து. வெட்டிய நுனிகளில் ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தைத் தடவுகிறார்கள்; மொட்டுகள் ஒன்றாகத் துளிர்க்கும். (இந்த மருந்தைக் கையாண்டவர் அன்று மது குடித்தால் முகம் சிவந்து, மூச்சு முட்டி, நெஞ்சு படபடக்கும், உடலில் ஆல்கஹாலைச் சிதைக்கும் நொதியை அது முடக்கிவிடுகிறது. ஒயினுக்காகத் தோட்டத்தில் வேலை செய்பவர் ஒயினைத் தொட முடியாத நாள் அது.) கொடி பூத்துக் காய்த்து ஜனவரி முதல் மார்ச் வரை பழுக்கும். அப்போது நாசிக்கில் மழை இல்லை, வானம் தெளிவு, குளிர்கால இரவுகள் பத்து டிகிரியை ஒட்டி இறங்கும். கடல் மட்டத்திலிருந்து அறுநூறு மீட்டர் உயரம் இருப்பதும், கடலை விட்டு உள்ளே தள்ளியிருப்பதும் இதற்குக் கைகொடுக்கின்றன. பூகோளப் படத்தில் இருபது டிகிரி அட்சரேகையில் இருக்கிற ஊர், மேலும் வடக்கே போகாமல், நாட்காட்டியை நகர்த்திக் குளிரைப் பிடித்துவிட்டது. சூலா நிறுவனத்தின் முதல் ஒயின்கள் 2000-இல் இப்படித்தான் வந்தன. அதற்கு முன்பே, 1988-இல், கன்வல் குரோவர் பெங்களூருக்கு அருகே நந்தி மலை அடிவாரத்தில் தொடங்கிய தோட்டத்துக்கும் இதே தத்துவம்தான்; அங்கே தொள்ளாயிரம் மீட்டர் உயரமும் சேர்ந்துகொள்கிறது. ஹம்பிக்குப் பக்கத்துப் பாறைக் குன்றுகளில் கிருஷ்ண பிரசாத் சிகுருபாட்டியும் உமா சிகுருபாட்டியும் நடத்தும் கிருஷ்மா என்ற சிற்றாலை, தன் சொந்தத் தோட்டத்துப் பழத்தில் மட்டும் ஒயின் செய்வதில் பிடிவாதம் காட்டுகிறது. சிறிய தோட்டம், ஒரே இடத்துப் பழம் என்ற கொள்கைக்கு இந்தியாவில் நல்ல சான்று அதுதான்.

பிரேசிலும் இதே வழிக்கு வந்து சேர்ந்தது. அங்கே கோடையில் மழை. பழுக்கும் பழம் அழுகும். மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தின் வேளாண் ஆராய்ச்சியாளர் முரில்லோ ரெஜினா, 2000-களின் தொடக்கத்தில் சிரா ரகக் கொடிகளை இரட்டைக் கவாத்தால் மழையற்ற குளிர்காலத்துக்குத் தள்ளினார். இன்று ‘குளிர்கால ஒயின்’ என்ற பெயரிலேயே அவை விற்பனைக்கு வருகின்றன.

நம் தமிழ்நாட்டில் இந்தக் கணக்கைப் போட ஏற்ற இடம் கம்பம் பள்ளத்தாக்கு. முல்லைப் பெரியாறு அணை 1895-இல் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய நீரும், மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை மறித்துத் தரும் காய்ந்த வானமும் சேர்ந்து அதைத் திராட்சை ஊராக்கிவிட்டன. இங்கே விளைவது 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹேம்பர்க் என்று உலகம் அழைக்கும் ரகம். 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்கு இத்திராட்சையைக் கொண்டுவந்தார் என்பது வட்டார வழக்கு. லினலூல், ஜெரானியால் என்ற மணப்பொருட்கள் இதில் நிறைய. ஜெரானியால் ரோஜாவிலும் இருப்பது. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஹில் ஜில் என்ற ஒயின் ஆலையும் இந்தப் பகுதியில் உண்டு. ஆனால் பழத்தின் பெரும்பகுதி கூடையில் ஏறிச் சந்தைக்குப் போய்விடுகிறது.

ஏன் என்றால் கம்பம் கத்தரியை வேறு விதமாகப் பயன்படுத்துகிறது. பன்னீர் ரகத்தின் மொட்டுகள் எப்போது வெட்டினாலும் குலை தரும். நான்கு மாதத்தில் ஒரு போகம். பக்குவமாகப் பார்த்தால் ஆண்டுக்கு மூன்று, இல்லாவிட்டால் இரண்டு ஆண்டுகளில் ஐந்து. பந்தலுக்குப் பந்தல் கவாத்து நாளை மாற்றி வைத்தால் ஆண்டு முழுக்க ஊரில் எங்காவது பழம் இருக்கும். விவசாயிக்கு இது நல்லதுதான். குறை சொல்ல மாட்டேன். ஒயினுக்கு மட்டும் ஆகாது. மே மாதத்தில் பழுக்கும் குலையும் பிப்ரவரியில் பழுக்கும் குலையும் ஒரே கொடியில் வந்தாலும் ரசாயனத்தில் வேறு வேறு பழங்கள். மூன்று போகம் எடுத்த கொடியின் வேரிலும் தண்டிலும் மாவுச்சத்து சேர்ந்திருக்காது. என் கருத்து இதுதான்: கம்பத்தில் நல்ல ஒயின் வேண்டும் என்பவர் இரண்டு போகத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். ஐப்பசி மழை தணியும் நவம்பரில் கவாத்து செய்து, டிசம்பர் கடைசியில் பூக்கவைத்து, பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் பறித்துவிட வேண்டும். அப்படியும் அது மோசல் ஆகாது. நானூறு மீட்டர் உயரம் சமவெளியைவிட இரண்டரை டிகிரியைத்தான் குறைத்துத் தரும். ஆனாலும் ஆண்டில் கிடைக்கும் குளிரையெல்லாம் ஒரே போகத்துக்குக் கொடுத்ததாக ஆகும்.

கம்பத்துக்கு மேலே மலையேறினால் குமுளி, மிளகு நாடு. சிரா திராட்சையில் செய்த ஒயினில் சில ஊர்களில் மட்டும் மிளகு மணம் வீசும். அதற்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற பொருளை ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சிக் கழகத்தார் 2008-இல் அடையாளம் கண்டார்கள். கருமிளகின் மணமும் அதே பொருளால்தான். குளிர்ந்த தோட்டங்களில், குலைக்கு வெயில் குறைவாகப் படும் இடங்களில் அது கூடுதல். சூடான தோட்டத்தில் குறைந்துவிடும். ஒரே தோட்டத்தின் மேட்டிலும் பள்ளத்திலும் அளவு மாறும். மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த மணம் தெரிவதே இல்லை என்பதும் அந்த ஆய்வில் வெளிவந்தது. ஒயின் சுவைஞர்கள் சண்டை போட்டுக்கொள்வதற்கு அறிவியல் கொடுத்த நியாயமான காரணம்!

இப்படி இடத்துக்கு இடம் மாறும் சுவையை மண்ணின் ருசி என்று வியாபாரிகள் விற்பார்கள். பர்கண்டியில் ரொமானே-கோன்டி என்ற தோட்டம் ஐந்து ஏக்கர்கூட இல்லை. அதன் ஒரு புட்டியின் விலை பல லட்ச ரூபாய். சுண்ணாம்புப் பாறையின் ருசி, பலகைக்கல்லின் ருசி என்றெல்லாம் புட்டியில் எழுதுவார்கள். புவியியலாளர்கள் இதை ஏற்பதில்லை. கல்லுக்குச் சுவை இல்லை. வேர் வழியே ஏறும் தாதுக்கள் நாவுக்கு எட்டாத அளவில்தான் ஒயினில் இருக்கின்றன. மண் வேறு வழியில் வேலை செய்கிறது. கொடிக்கு எவ்வளவு தண்ணீர், எப்போது என்று தீர்மானிக்கிறது. மோசலில் கறுத்த பலகைக்கல் பகல் வெப்பத்தை வாங்கி மாலையில் திருப்பித் தருகிறது. நீரும் வெப்பமும்தான் மண்ணின் மொழி.

இடத்தின் சுவை நேரடியாக உடம்பில் ஏறுவதைப் பார்க்க வேண்டுமானால் பழவேற்காட்டில்தான் பார்க்கலாம், ஆனால் கொடியில் அல்ல, இறாலில். ஏரி நீரின் உப்பு ஏறும்போது இறாலின் உயிரணுவிலிருந்து நீர் வெளியே போகப் பார்க்கும். அதைத் தடுக்க இறால் தன் தசையில் கிளைசின், புரோலின், அலனின் போன்ற அமினோ அமிலங்களைத் திரட்டி உள் அடர்த்தியைக் கூட்டிக்கொள்கிறது. கிளைசினும் அலனினும் இனிப்புச் சுவை உடையவை. ஆகவே உப்பேறிய நீரில் வளர்ந்த இறாலின் தசையில் இனிப்பு கூடும். வெள்ளநீர் கலந்த பிறகு பிடித்தது சப்பென்றிருக்கும். திராட்சைக் கொடியைக் கொல்லும் அதே உப்பு. ஏரியில் ‘பாடு’ என்று இடத்தைப் பிரித்து, முறைவைத்து வலை போடும் கட்டுப்பாடு இங்குள்ள மீனவர் குப்பங்களில் நீண்ட காலமாக இருக்கிறது. முகத்துவாரத்துக்கு அருகில் உள்ள பாட்டிலும் ஆற்று வாய்க்கு அருகில் உள்ள பாட்டிலும் நீரின் உப்பு ஒன்றாக இராது. பர்கண்டிக்காரர் தோட்டத்துக்குத் தோட்டம் பெயர் எழுதி விற்கிறார். நாம் எல்லா இறாலையும் ஒரே ஐஸ் பெட்டியில் கொட்டி எடைக்கு விற்கிறோம். இது எனக்கு வருத்தம்தான்.

குளிர்ப் பிரதேசங்களின் நிலையும் நிரந்தரமில்லை. பர்கண்டியின் போன் நகரத்தில் திராட்சை பறிக்கத் தொடங்கிய நாளை 1354 முதல் எழுதிவைத்த பதிவுகள் இருக்கின்றன. அவற்றை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, 1988-க்குப் பிறகு அறுவடை முந்தைய ஆறு நூற்றாண்டுச் சராசரியைவிட 13 நாட்கள் முன்னால் வந்துவிட்டதைக் காட்டியது. பழம் பழுக்கும் நேரம் செப்டம்பர் கடைசியிலிருந்து கோடைக்குள் நகர்கிறது. மாலிக் அமிலம் எரிகிறது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் இப்போது கவாத்தைத் தாமதமாகச் செய்து பழுப்பதைத் தள்ளிப்போடச் சோதனைகள் நடத்துகிறார்கள். நாசிக் எந்தக் கருவியில் தொடங்கியதோ அதே கருவிக்கு அவர்களும் வந்திருக்கிறார்கள்.

ஒயின் குடிக்காதவருக்கும் இந்தக் கணக்கு பயன்படும். பன்னீர் திராட்சை வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். பிப்ரவரியில் ஒரு கிலோ வாங்கித் தின்று பாருங்கள், மே மாதக் கடைசியில் இன்னொரு கிலோ. முதலாவதில் இனிப்போடு புளிப்பும் மணமும் இருக்கும்; இரண்டாவதில் சர்க்கரைதான் முன்னால் நிற்கும். வித்தியாசம் தெரிந்தால் கடைக்காரரிடம் அதைச் சொல்லுங்கள். குளிர்காலப் போகத்துக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான், கம்பத்து விவசாயி கத்தரியை நவம்பரில் எடுப்பார்.